தேரன்று அறுத்த வளையம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறாமைக்காரி. "எனக்கெல்லாம் பொறாமையே கிடையாதுப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். எனக்கு உண்டு, நிறைய உண்டு, அதில் முக்கால்வாசி ஒரே ஆள்மீது. என் சின்னம்மா மகள். காலனியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. நான் படித்து முடித்த புத்தகங்கள் அட்டை போட்டபடியே அவளுக்குப் போகும். நான் பென்சிலால் அடிக்கோடு போட்ட வரிகளையே படித்துவிட்டு என்னைவிட அதிக மார்க் வாங்குவாள். "உன் புக்குதான்க்கா ராசி" என்று வேறு சொல்லுவாள். அந்த வயதிலேயே எனக்குக் காதில் புகை வந்திருக்கிறது.

என் அப்பா, அவள் அப்பா, இரண்டு நைனாக்களும் கடலைக்காட்டில் கூலி வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தார்கள். நான் இன்ஜினியரிங், அவள் டிப்ளமோ. செஞ்சி பஜாரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருக்கிற இன்டர்நெட் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. பாத்திரக்கடைக்காரர்தான் முதலாளி. கேபிள் டிவி காலத்தில் ஆரம்பித்தவர், இப்போது சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் ஃபைபர் இழுத்து இன்டர்நெட் கொடுக்கிறார். எனக்குக் கண்ட்ரோல் ரூமில் வேலை. கண்ட்ரோல் ரூம் என்றதும் ராக்கெட் விடுகிற இடம் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், சுவிட்ச் அடுக்கிய ஒரு ரேக், தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்டா குண்டா அடுக்கிய குடோன், அவ்வளவுதான். நான் சேர்ந்து கொஞ்ச காலம் ஆனதும், மகளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று சின்னம்மா வந்து அழுததால் நானே முதலாளியிடம் பேசி அவளையும் சேர்த்துவிட்டேன். என் வாயாலேயே. அதை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

முதலாளி அடிக்கடி ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு இன்சார்ஜ் போட்டுடணும்மா. என்னால மாடி ஏறி ஏறி எறங்க முடியல." கண்ணாடித் தடுப்புக்குள்ளே இன்சார்ஜுக்கென்று ஒரு சுழல் நாற்காலியும் வாங்கிப் போட்டிருந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. எனக்கு உலகத்தில் வேண்டியது அப்போது அது ஒன்றுதான். நான் மூத்தவள், நான் முதலில் வந்தவள், ஊரெல்லாம் போன் பண்ணித் திட்டும்போது காது கொடுத்துக் கேட்டவளும் நான். அந்த உறையை என் கையால்தான் கிழிப்பது என்று முடிவே செய்திருந்தேன்.

திட்டு வாங்கியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் லைன் அப்போது ஒரே நேர்கோடு. செஞ்சியிலிருந்து வல்லம், அங்கிருந்து தொண்டூர், அப்புறம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு கடைசியில் பனமலை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல, வருகிற தகவல் எந்தப் பக்கம் போக வேண்டியது என்று பார்த்து அனுப்புகிற பெட்டி. நேர்கோட்டில் என்ன தொல்லை என்றால், எந்த இடத்தில் அறுந்தாலும் அதற்கு அப்பால் இருக்கிற ஊரெல்லாம் போச்சு. வல்லத்தில் ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினால் பனமலைக் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் என் காதைக் கிழிப்பார். "இன்னாம்மா, பட்டா எடுக்க வந்த ஜனம் வெயில்ல நிக்குது, நெட்டு எங்க?" ஜேசிபி இல்லாத நாளில் குரங்கு. கோட்டைப் பக்கத்துக் குரங்குகளுக்கு எங்கள் கேபிள்தான் ஊஞ்சல்.

இதற்கு வழி இருக்கிறது என்று முதலாளியிடம் தலைகீழாக நின்று சொன்னேன். பனமலையிலிருந்து செஞ்சிக்கு இன்னொரு லைன் இழுத்து வட்டமாக்கிவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போய்ச் சேரும். அதுவரைக்கும் ஆர்வமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆனா சார், அந்த வட்டத்துல ஒரு துண்ட மட்டும் எப்பவும் மூடியே வெக்கணும்" என்றேன். மனுஷனுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, நான் கம்பம் கம்பமா காசு குடுத்து இழுப்பேன், நீ மூடி வெப்பியா? வெளையாட்றியா?"

"அப்டித்தான் சார் வெக்கணும். அதான் ரூல்."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்கு விளக்கிச் சொல்லவெல்லாம் வராது. எனக்குத் தெரிந்தது இன்னொருத்தருக்குப் புரியவில்லை என்றால் அவர்மேல் கோபம்தான் வரும்.

அதே விஷயத்தை அவள் போய்ச் சொன்னாள். நான் மாடிப்படியில் இறங்கி வரும்போது கீழே கடையில் பேச்சு கேட்டது. "சார், கடைக்குப் பின்னாடி ஒரு ஷட்டர் இருக்குதில்ல, எப்பவும் பூட்டியேதான வெச்சிருக்கீங்க? அதுவும் காசு குடுத்துப் போட்டதுதான? முன்னாடி தீ கீ புடிச்சா அந்தப் பக்கமாத்தான வெளிய வருவீங்க? அந்த மாரிதான் இந்த லைனும். மூடி வெச்சிருக்கோம்னா சும்மா இல்ல சார், எங்க அறுந்தாலும் தானே தொறந்துக்கும்."

"அட, ஆமா பாப்பா!" என்றார் முதலாளி.

என்னை 'ஏம்மா' என்பார், அவளைப் 'பாப்பா' என்பார். அதையும் நான் கவனித்துதான் வைத்திருந்தேன். அன்றைக்கே பனமலை லைனுக்குச் சரி சொல்லிவிட்டார். அந்த வட்டத்தை ரிங் என்போம், ரிங் வேலை முழுவதும் அவள் பொறுப்பு. என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, தங்கச்சிக்குக் கூட மாட ஒத்தாசையா இரு" என்றார். ஒத்தாசையாம்! வீட்டுக்குப் போய் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "ஏண்டி மூஞ்சத் தூக்கி வெச்சிருக்குற? நம்ம புள்ளதான?" என்றாள் அம்மா. அதுதான் என் பிரச்சினையே. யாரோ ஒருத்தி என்றால் இத்தனை எரிந்திருக்காது.

லைன் இழுத்து முடிந்தது. எங்கள் ரேக்கில் கடைசியாக ஒரே ஒரு வயரைச் சொருக வேண்டியதுதான் பாக்கி, சொருகினால் வட்டம் மூடிவிடும். பனமலை சுவிட்சில் ரிங் செட்டிங் போடுவதற்காக அவள் காலையிலேயே பஸ் ஏறினாள். போகும்போது எல்லோர் எதிரிலும் சொன்னாள். "சார், நான் போன் பண்ற வரிக்கும் அந்த வயர மட்டும் சொருகிடாதீங்க." முதலாளியும் தலையாட்டினார்.

ஆனால் அவர் காலண்டரில் நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தார். புதுக் கடை திறக்கிற மாதிரி ரேக்குக்கு மாலை போட்டு, சுவிட்சுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம், தேங்காய், கற்பூரம் எல்லாம் தயார். சுவிட்சின் காற்றுத் துவாரத்தில் அப்பியிருந்த சந்தனத்தை நான்தான் துடைத்தேன். போன் வரவில்லை. பனமலையில் ஏரிக்கரைப் பக்கம் டவர் கிடைக்காது. முதலாளி கடிகாரத்தைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார்.

"எமகண்டம் பொறந்துடும்மா."

"வேணாம் சார். அவ சொல்லல."

"செட்டிங்க பின்னாடி கூட போட்டுக்கலாம். நேரத்த பின்னாடி போட முடியுமா?"

"சார், சொன்னா கேளுங்க சார், சொருகாதீங்க."

கற்பூரத்தைக் காட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டு, தன் கையாலேயே வயரைச் சொருகிவிட்டார்.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் ரேக்கில் இருந்த பச்சை விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தன. அந்த மாதிரித் துடிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. நெட்வொர்க்கில் ஒரு கருவிக்கு இன்னொன்றின் இடம் தெரியாவிட்டால், "யாருப்பா அது, எங்க இருக்க?" என்று பொதுவாக ஒரு கூவல் கூவும். சுவிட்ச் அந்தக் கூவலை வந்த பக்கம் போக மீதி எல்லாப் பக்கமும் அனுப்பிவிடும். நேர்கோட்டில் அது கடைசி ஊரோடு செத்துப்போகும். வட்டத்தில் சாவே கிடையாது. செஞ்சியில் கிளம்பியது பனமலை வழியாகச் செஞ்சிக்கே திரும்பி வரும், வந்ததைச் சுவிட்ச் புதுசு என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கூவலே சேர்ந்து லைனை அடைத்துக்கொள்ளும், நிஜ வேலைக்கு இடமே இருக்காது. ஒரு துண்டை மூடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மூடி வைத்தால் வட்டம் மறுபடி நேர்கோடுதான், ஆனால் வேண்டும்போது திறந்துகொள்ளக்கூடிய நேர்கோடு. அன்றைக்கு மூடச் சொல்லி எந்தப் பெட்டிக்கும் இன்னும் சொல்லவில்லை.

எல்லா ஊரிலும் நெட் நின்றது. மேசையில் இருந்த எல்லாப் போனும் அடித்தன. முதலாளி கையில் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டு, "இன்னாம்மா, வைரஸ் பூந்துடுச்சா?" என்றார்.

எனக்கு உள்ளுக்குள்ளே என்ன சந்தோஷம் தெரியுமா! பாயசம் குடித்த மாதிரி இருந்தது. அவளுடைய ரிங், அவளுடைய பெரிய ரிங், பிறந்த அன்றைக்கே மானம் போச்சு. வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. சாயங்காலம் அவள் பஸ்ஸில் புழுதியோடு வந்து இறங்கும்வரை நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. முதலாளி அவளைத் திட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவரும் முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தார். தான் செய்த தப்புக்கு வேறு யாராவது கிடைக்க மாட்டார்களா என்று பார்க்கிற முகம்.

அவள் விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள். "நீங்க சொருகினதும் நல்லதா போச்சு சார். மூடாம வுட்டா இன்னா ஆவும்னு எத்தினி வாட்டி சொன்னாலும் புரியாது. இப்ப எல்லாரும் கண்ணால பாத்துட்டாங்க. நல்ல நேரம் வீண் போவல."

மனுஷன் சிரித்துவிட்டார். உடைத்த தேங்காயில் பெரிய மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நான்தான் அப்பவே வேணாம்னு சொன்னேனே சார்" என்றேன். யார் காதில் விழுந்தது? இந்த மாதிரி வாய் எனக்குக் கிடையாது, எங்கே போய் வாங்குவது என்றும் தெரியாது. வீடு வரைக்கும் அவளோடு ஒரே ஷேர் ஆட்டோவில் வந்தேன், முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு. தேங்காய் மூடியில் பாதியை உடைத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், தின்றேன், அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது, அதற்கும் எரிந்தது.

மறுநாள் செட்டிங் எல்லாம் போட்டு முடித்து ரிங்கை ஓட்டிவிட்டாள். கேபிள் வேலை பார்க்கிற லைன்மேன் அண்ணனுக்கு அவள் சொல்லிக் கொடுத்ததை நான் வேறு பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வளையத்துக்கு ஒரு சுவிட்ச் ஓனர். இங்கே எங்கள் ஆபீஸ் சுவிட்ச்தான் அது, பனமலைப் பக்கத்து வாசலை மூடி வைத்திருக்கும். எங்கேயாவது அறுந்தால், அறுந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கிற சுவிட்சுகள் அந்தச் சேதியை வளையம் முழுக்கச் சொல்லும். ஓனர் உடனே வாசலைத் திறக்கும். எல்லாச் சுவிட்சும் எந்த வீடு எந்தப் பக்கம் என்று கற்று வைத்திருந்ததை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ளும். இத்தனையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அறுந்ததை ஒட்டிவிட்டால் மட்டும் அவசரப்படாது. ஒட்டு நிற்கிறதா, மறுபடி அறுகிறதா என்று கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாசலை மூடும்.

லைன்மேன் அண்ணன் எங்களைப் பெரிய மேடம், சின்ன மேடம் என்று கூப்பிடுகிறவர். "அப்ப அந்த மூடி வெச்ச லைனு வேல ஒன்னும் செய்யாம குந்திக்கினு, எங்கடா அறுந்துடும்னு பாத்துக்கினே இருக்கும். நம்ம பெரிய மேடம் மாரி" என்றார். முதலாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நாலு வார்த்தை திட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் லைன் அறுந்தால் ஊருக்குத் தெரிவதே நின்றுபோனது. வல்லத்தில் ஜேசிபி தோண்டும், என் திரையில் ஒரு கோடு சிவப்பாகும், பனமலைக்காரர் பாட்டுக்குப் பட்டா எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கு வந்த திட்டெல்லாம் நின்றது, அவளுக்குப் பாராட்டு வந்தது. பஜாரில் பார்க்கிறவர்கள், "உன் தங்கச்சி கெட்டிக்காரிம்மா" என்று என்னிடமே சொல்லுவார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்பேன்.

ஒருநாள் முதலாளி மாடி ஏறி வந்து மூச்சு வாங்க அறிவித்தார். "தேர் வருது. தேரன்னிக்கும் நெட்டு நிக்காம ஓடிச்சின்னா, பாப்பாவத்தான் உள்ள குந்த வெக்கப் போறேன்." உள்ளே என்றால் கண்ணாடித் தடுப்புக்குள்ளே. நான் உறை கிழிக்க வேண்டிய நாற்காலியில்.

தேரன்று எங்கள் ஊரில் வேறு எந்த வயருக்கும் மரியாதை கிடையாது. தேர் உயரம் உயரம்தான், வயர்தான் வழி விட வேண்டும். முதலில் கரண்ட்காரர்கள் வந்து நிறுத்துவார்கள், அப்புறம் கேபிள் டிவி, அப்புறம் நாங்கள். தெருவைக் குறுக்கே கடக்கிற ஃபைபரை ஜாயிண்ட் பாக்ஸில் அவிழ்த்து, சுருட்டிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடி ஒட்டுவோம். வருஷா வருஷம் அத்தனை நேரமும் எல்லா ஊரிலும் நெட் இருக்காது. வளையத்தின் ஒரு கையை அவிழ்த்தாலும் மறு கை தாங்கும் என்பதால் இந்த வருஷம் அந்தத் தொல்லை இல்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் ஆட்டோவுக்கு நடப்பேன். ஒருநாள் தற்செயலாகத் தலையை நிமிர்த்திக் கம்பத்தைப் பார்த்தேன். இரண்டு கறுப்பு கேபிள், ஒரே கொக்கியில், ஒன்றையொன்று உரசிக்கொண்டு. ஒன்றில் மஞ்சள் டேக், அது வல்லத்துக்குப் போகிறது. இன்னொன்றில் வெள்ளை டேக், பனமலையிலிருந்து வருகிறது. புதுக் கம்பத்துக்குச் செலவு எதற்கு என்று முதலாளி இரண்டையும் அதே கம்பங்களில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். படத்தில் பார்த்தால் அழகான வட்டம். ஆனால் ஊருக்குள் வந்ததும் இரண்டு கையும் ஒரே தெருவில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. தேரன்று இரண்டையும்தான் அவிழ்ப்பார்கள். வளையம் ஒரு வெட்டைத் தாங்கும், இரண்டு வெட்டைத் தாங்காது. செஞ்சி தனியாக நிற்கும், மற்ற ஊரெல்லாம் இருண்டுபோகும்.

நடுத்தெருவில் நின்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தேரன்று அவள் தானே விழுந்திருப்பாள். ஆனால் எனக்கு அடக்கி வைக்கத் தெரியாது. தெரிந்ததை நான்தான் கண்டுபிடித்தேன் என்று அந்த நிமிஷமே சொல்லியாக வேண்டும். ஆபீஸுக்குத் திரும்பி ஓடினேன். முதலாளி, லைன்மேன் அண்ணன், அவள், மூன்று பேரும் இருந்தார்கள்.

"படத்துல வட்டம், கம்பத்துல பாத்தா ஒரே கயிறு! தேரன்னிக்கு ரெண்டும் போவப்போவுது. ரிங்காம் ரிங்கு! போட்டவளுக்கு அண்ணாந்து பாக்கக் கூடவா தெரியல?"

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பச் செலவு ஞாபகம் வந்திருக்கும். "ஏம்மா, உனக்கு வயித்தெரிச்சல். அது எல்லாருக்கும் தெரியும். அதுக்காக நல்ல காரியத்துல வாய வெக்காத."

வயிற்றெரிச்சல் என்பதும் உண்மை, கம்பத்தில் இருந்ததும் உண்மை. ஒன்று உண்மையாக இருப்பதால் இன்னொன்று எப்படிப் பொய்யாகும்? அவளைப் பார்த்தேன். "சரிக்கா" என்றாள், அவ்வளவுதான். இன்னா திமிர் பாரு என்று நினைத்துக்கொண்டேன். தேர் வரைக்கும் அவளோடு நான் பேசவே இல்லை. சின்னம்மா வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

தேரன்று கண்ட்ரோல் ரூமில் நான்தான் இருப்பேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மல்லிகைப்பூ வைத்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எனக்கும் அன்றைக்குத் திருவிழாதான். திரையில் எல்லாம் பச்சை. அவள் கீழே தெருவில் லைன்மேன் அண்ணனோடு நின்றாள். மேளச் சத்தம் நெருங்கி வந்தது. போன் அடித்தது.

"மேடம், அவுக்கட்டுமா?"

"அவுங்கண்ணா. நல்லா அவுங்க."

வல்லம் போகிற கோடு சிவப்பானது. அடுத்த நொடி பனமலை வாசல் திறந்தது. வல்லமும் தொண்டூரும் பனமலை வழியாக வந்து சேர்ந்துகொண்டன. ஒரு போன்கூட அடிக்கவில்லை. சரி, இது தெரிந்ததுதான், அடுத்ததுக்குக் காத்திருந்தேன். மேளம் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே வந்துவிட்டது. பனமலைக் கோடு பச்சையாகவே இருந்தது.

நானே போன் பண்ணினேன். "இன்னாண்ணா, இன்னொன்ன அவுக்கல?"

"எந்த இன்னொன்னு?"

"வெள்ள டேகு! பனமலை லைனு!"

"அது இங்க ஏது மேடம்? மாத்தியாச்சே. கோட்டைக்குப் பின்னாடி ரோட்டு வழியா இழுத்து வுட்டாச்சு. நீங்க உங்க ஃப்ரெண்டு கல்யாணத்துக்குன்னு லீவு போட்ட அன்னிக்கு. மூடி வெச்ச லைன்தான, மாத்தினப்ப ஒருத்தருக்கும் தெரியல." அவர் மேளத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார். "சின்ன மேடந்தான் மொதலாளிகிட்ட ஒத்த கால்ல நின்னிச்சி. 'எங்கக்கா வயித்தெரிச்சல்ல சொன்னாலும் தப்பா சொல்லாது சார்'னு. உங்களுக்குத் தெரியாதா?"

போனை வைத்தேன். தினமும் அந்தக் கம்பத்துக்குக் கீழேதான் நடந்தேன், அன்றைக்கப்புறம் நான் அண்ணாந்து பார்க்கவே இல்லை. தேர் உச்சி ஜன்னலைத் தாண்டிப் போனது. நான் எழுந்து கும்பிடக்கூட இல்லை. நான் கண்டுபிடித்த தப்பை எடுத்துத் திருத்திவிட்டாள், திருத்தியது போதாதென்று அதை என் பெயரிலேயே சொல்லியிருக்கிறாள். அவளை வெறுக்க எனக்கு மிச்சம் இருந்த ஒரே காரணத்தையும் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். அன்றைக்கு வந்த அழுகை கோபத்தில் வந்ததுதான், வேறு எதற்கும் இல்லை.

தேர் நிலைக்கு வந்த பிறகு முதலாளி விபூதி பூசிய நெற்றியோடு மாடி ஏறி வந்தார். நாற்காலியைக் காட்டி, "குந்தும்மா" என்றார்.

"யாரு, நானா? பாப்பாவத்தான உள்ள குந்த வெக்கறதா சொன்னீங்க?"

"அது மெட்ராஸ் போவுதாம்மா. பெரிய கம்பெனில கெடச்சிருக்குதாம். உள்ள குந்த அக்காதான் சரின்னு அதுதான் சொல்லிச்சி."

பின்னாலேயே அவள் வந்தாள். நான் பிடித்துக்கொண்டேன். "எனக்கு இன்னாடி, பிச்ச போட்றியா?"

"போக்கா" என்றாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "நான் எது செஞ்சாலும் எல்லாரும் சூப்பர்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நீ ஒருத்திதான் எங்க ஓட்ட இருக்குதுன்னு நோண்டிக்கினே இருப்ப. அக்கா இன்னா சொல்லும்னு நெனச்சி நெனச்சித்தான் நான் எதையும் ரெண்டு வாட்டி பாக்கறது."

எனக்கோ மெட்ராஸ் பெரிய கம்பெனியை நினைத்து வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அவள் போனாள். நான் உறையைக் கிழித்தேன். நினைத்த அளவுக்கு ஒன்றும் சுகமாக இல்லை, முதுகு வலிக்கிற நாற்காலி. வாரத்துக்கு ஒரு தடவை அவள் போன் பண்ணுவாள். "யக்கா, ரிங்கு எப்டி இருக்குது?" என்பாள். "உன் ரிங்குக்கு இன்னா கேடு?" என்பேன். அங்கே யாரும் தன்னோடு சண்டை போடுவதில்லை, எதைக் காட்டினாலும் நல்லா இருக்குது என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று புலம்புவாள். கேட்க எனக்கு நன்றாக இருக்கும்.

போன வாரம் பேசினபோது குரலே வேறு மாதிரி இருந்தது. ஒரே உற்சாகம். "யக்கா, எங்க டீம்ல புதுசா ஒரு அக்கா வந்திருக்குது. நான் போட்ட ரிங்க அம்மாம் பேர் எதிர்ல கிழிச்சிடுச்சிக்கா! ரெண்டு லைனும் ஒரே பள்ளத்துல போவுது, இதுக்குப் பேரு ரிங்கான்னு கேட்டிச்சி. அப்டியே உன்ன மாரியே!"

அவள் வாங்கிய மார்க்குக்கும், பாப்பாவுக்கும், தேங்காய் மூடிக்கும், மெட்ராஸுக்கும் நான் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

"யாருடி அவ?" என்று கேட்டேன்.